மணமாகாத புள்ளி

உமையாள் எங்கள் பங்காளி வீட்டுப் பெண். பிறந்தது கண்டரமாணிக்கம், வசிப்பது காரைக்குடி. மணமாகவில்லை. வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறார். எங்கள் கோயில் கணக்கில் மணமான ஆணின் குடும்பம் ஒரு புள்ளி. வரியும் மரியாதையும் புள்ளிக்கே. தனித்து வாழும் பெண் புள்ளியாவதில்லை.

அவர் எழுதிய கேமில், மணமாகாத நாயகி வெள்ளத்தில் ஊரணிக்கரை உடையாமல் காக்கிறாள். ஊரார் அவளைப் புள்ளியாக ஏற்கிறார்கள். நிறுவனம் அந்தக் காட்சியை நீக்கச் சொன்னது. உமையாளின் தம்பி வெங்கட்ராமனும், அக்காளை ஆச்சி என்றழைக்கும் எங்கள் வழக்கப்படி மரியாதையாகவே, அதையே சொன்னார்.

“ஆச்சி, கதை அவளுக்கு ரொம்பச் செல்லம் குடுக்குது. கரையக் காப்பாத்தட்டும், புள்ளி எதுக்கு? எடுத்துருங்க.”

“அவ கரையக் காப்பாத்துனா, புள்ளி குடுத்தாக. நீ என்னத்தச் செஞ்சு புள்ளியான?”

“கல்யாணம் பண்ணுனேன்.”

“பொண்ணு பாத்தது அப்பச்சி. மணவறையில தூங்கி விழுந்த. ஒனக்குத்தான் கதை செல்லம் குடுத்திருக்கு.”

உமையாள் மறுத்தார். நிறுவனம் வேறொருவரைக் கொண்டு காட்சியை வெட்டியது. அவருக்கு அடுத்த வேலையும் தரவில்லை. வெங்கட்ராமன் அதை உறவினரிடம் தம் வெற்றியாகச் சொல்லித் திரிகிறார்.

அந்த நாயகிக்குக் கதை சலுகை காட்டியது உண்மை. வெள்ளத்தில் அவளுக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அதை உமையாளிடமே சொன்னேன். ஆனால் அதைக் குறைசொல்லும் தகுதி வெங்கட்ராமனுக்கு இல்லை. அவர் புள்ளிக்குரிய கோயில் வரியைச் செலுத்தி வருபவர் உமையாள்.

பத்தொன்பது ஆண்டுகளாக.