மகாராஜா உட்கார்ந்த செவ்வாய்க்கிழமை

வழுதக்காட்டில் இருந்த தாய்லாந்து ஓட்டலில் போன் எடுப்பதும் பில் போடுவதும் என் வேலை. இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் திருவனந்தபுரத்தில் அந்த ஓட்டலைப் பற்றித்தான் பேச்சு. டெக்னோபார்க் பிள்ளைகள், கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்கள், பெண்டாட்டியின் பிறந்தநாளை மறக்காத டாக்டர்கள் என்று கூட்டம் குறையாது. சனி, ஞாயிறுகளில் மேசை கிடைக்காதவர்கள் என்மேல் எரிந்து விழுவார்கள், நான் என்னவோ மேசைகளை முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல. சமையல்காரர் டார்ஜிலிங் பக்கத்து ஆள். தாய்லாந்தை அவர் காலண்டரில்தான் பார்த்திருந்தார். இருந்தாலும் அவர் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு 'ஒரிஜினல்' என்று சொல்லிச் சாப்பிடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் குரல் போனில் வந்தது. பூத்திலிருந்து பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட பஸ் ஹாரனில் தெரிந்தது.

"ரெண்டு பேருக்கு ஒரு மேசை வேணும். செவ்வாக்கெழம ராத்திரிக்கு."

தமிழில் மேசை கேட்பவர்கள் அபூர்வம். பெயர் கேட்டேன்.

"உலகம்மை. ஒங்க ஓட்டல்ல நிக்காருல்லா மகாராஜா, அவரு வீட்டுக்காரி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த மகாராஜா எனக்கு எதிரேதான் நின்று, ஒரு மேசையில் சூப் கிண்ணத்தைச் சத்தம் வராமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பேரைப் பாருங்கள், மகாராஜா. தென்காசிப் பக்கம் அந்தப் பேர் சாதாரணம். இங்கே மலையாளிகளுக்கு அது பெரிய தமாஷ். "மகாராஜாவே, ஒரு க்ளாஸ் வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டுச் சிரிக்காத வாடிக்கையாளர் இல்லை. முதல் தடவை சொல்வதுபோலவே ஒவ்வொருவரும் சொல்வார்கள். அவரும் முதல் தடவை கேட்பதுபோலவே சிரித்துவைப்பார்.

மீசை முளைக்கும் முன்னால் பஸ் ஏறி வந்தவர். தம்பானூரில் ஒரு சாயாக்கடையில் கிளாஸ் கழுவினார். அப்புறம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் இலை எடுத்தார், பிறகு பரிமாறினார். பிறகு பார் வைத்த ஓட்டல், அதன் பிறகு எங்கள் ஓட்டல். ஆயுசு முழுக்க மற்றவர்கள் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். வேலை இல்லாத நேரத்திலும் உட்கார மாட்டார். ஸ்டூலைத் தள்ளிக்கொடுத்தால், "நின்னா வலிக்காது பிள்ளே, இருந்துட்டு எந்திரிக்கும்போதுதான் உசுரு போகும்" என்பார்.

எங்கள் ஓட்டலில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஓணம் முடிந்து கூட்டம் குறைந்ததும், வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒரு நாள் குடும்பத்தோடு முன்வாசல் வழியாக வந்து, விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடலாம். முதலாளியின் ஏற்பாடு. எல்லோரும் புதுத்துணி உடுத்தி வருவார்கள், மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மகாராஜா மட்டும் வந்ததே இல்லை. ஒரு வருஷம் தன் முறையைப் பாத்திரம் கழுவும் பிச்சைக்கனிக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் வாட்ச்மேனுக்கு. கேட்டால், "என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் எறங்காது" என்று சொல்லிவிடுவார்.

அந்த வீட்டுக்காரியிடம் இப்படி ஒரு முறை இருக்கிறது என்பதையே சொல்லவில்லை என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் பிச்சைக்கனியின் மனைவி, "ஒங்க புண்ணியத்துல நாங்க தாய்லாந்து சாப்பாடு சாப்பிட்டோம்க்கா" என்று நன்றி சொல்லியிருக்கிறாள். உலகம்மை மண்ணெண்ணெய் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். போன் பண்ணிய மறுநாள் காலையில் ஓட்டலின் பின்வாசலுக்கு வந்து நின்றாள். வெள்ளையம்பலத்தில் மூன்று பிளாட்டுகளில் வீடு துடைக்கிறவள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவிய தலை, கையில் ஈரத்துணி வாடை.

"மேசை சொன்னேனே, எழுதிட்டியாம்மா?" என்றாள்.

"எழுதிட்டேன்க்கா. அண்ணன்கிட்ட சொல்லியாச்சா?"

"நீதான் சொல்லணும். நான் சொன்னா லீவு இல்லம்பாரு."

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிட்டோம். அதுக்குப் பொறவு இல்ல. அவரு நாலு மணிக்கு இங்கன நின்னுட்டே திங்காரு, ராத்திரி கடை அடைச்சிட்டுத் திங்காரு. நான் டிவி முன்னால ஒத்தையில திங்கேன். லீவு நாள்ல அவரு ஒறங்குவாரு, நான் வேலைக்குப் போயிருவேன். மக இருந்தவரை தெரியல. அவளையும் கெட்டிக் குடுத்தாச்சு. எனக்கு ஒரே ஒரு நேரம் அந்த மனுசன் எதிர்த்தாப்புல உக்காந்து திங்கணும். என்ன சோறுன்னாலும் செரி."

கேட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும் ஆசை. அது நடக்காமல் இத்தனை வருஷம் போயிருக்கிறதே என்று நினைத்தபோது எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மகாராஜாமேல் பட்டேன். கைக்கு எட்டிய ஆள் அவர்தான்.

"செவ்வாய்க்கிழமை நீங்க சாப்பிட வாறீங்க, அண்ணே. மானேஜர் சார்கிட்ட சொல்லியாச்சு" என்றேன்.

"எனக்கு அங்க உக்காந்து திங்க ஆகாது பிள்ளே."

"ஆகணும்."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "உக்காந்தா எல்லாவனும் என்னையப் பாப்பான்" என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அது அவ்வளவு சரியாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு வந்தார்கள். அவர் மகள் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை, அவள் மாம்பழக் கலர் பட்டு மாதிரிப் புடவை, தலையில் நிறைய பிச்சிப்பூ. மானேஜர் அனந்தபத்மநாபன் சாரே வாசலுக்குப் போய்க் கூட்டிவந்து ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தார். சார் நல்லவர். ஆனால் சண்டை பிடிக்காத நல்லவர், அதனால் அவரால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

மகாராஜா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதுகு சாயவே இல்லை. சூப் வந்தது. உலகம்மை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "இது தலைவலித் தைலம்லா மணக்கு" என்றாள். வித்துரா மலைப்பக்கமிருந்து பஸ்ஸில் கட்டுக்கட்டாக வரும் எலுமிச்சைப்புல்தான் அது, அதைக் காய்ச்சித்தான் தைலமும் எடுக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அவள் சிரித்தாள். இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். நான் பில் போடுவதை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய்லாந்துப் பச்சைக் குழம்பும் சோறும் வந்தது. அப்போதுதான் நாங்கள் யாருமே யோசித்திராத ஒன்று நடந்தது. ஓட்டலில் பரிமாறுகிறவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கிடைக்கிற இடைவெளியில், சுவரைப் பார்த்து நின்றபடி, மெல்லாமல் விழுங்குவான். அடுத்த மணி அடிப்பதற்குள் தட்டு கழுவியாக வேண்டும். மகாராஜா அப்படித்தான் சாப்பிட்டார். உலகம்மை புடவை முந்தியைச் சரிசெய்து, சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் தட்டு காலியாகிவிட்டது. அவளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தட்டின்மேல் கிண்ணத்தையும் கிண்ணத்துக்குள் ஸ்பூனையும் அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் உலகம்மை.

"இந்தா, இத வச்சிட்டு வாரேன்."

வைத்துவிட்டு வந்திருப்பார். ஆனால் வழியில் யோசுவா சாரின் மேசை இருந்தது. ரிட்டயர்டு என்ஜினியர், ஒவ்வொரு செவ்வாயும் வருகிறவர், நல்ல மனுஷன், டிப்ஸ் வைப்பவர். படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மகாராஜாவே, கொறச்சு சூடுவெள்ளம்" என்றார். வெள்ளைச் சட்டையை அவர் கவனிக்கவில்லை. கையில் தட்டு இருந்தது, அது போதுமாக இருந்தது அவருக்கு. மகாராஜாவும் "கொண்டு வராம் சார்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, காலிலிருந்து வந்தது.

சுடுதண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்து மேசைப் பெண் டிஷ்யூ கேட்டாள். அதற்கடுத்த மேசையில் கல்ஃப்காரர் குழந்தைக்கு உயரமான நாற்காலி கேட்டார். அன்றைக்குப் பார்த்து செல்வின் என்ற பையன் காய்ச்சலில் வரவில்லை, இருந்த இரண்டு சப்ளையர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் "அண்ணே, இத மட்டும்" என்று ஒரு ட்ரேயை அவர் கையில் ஏற்றிவிட்டுப் போனான். மானேஜர் சார் இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப வருத்தத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஊரில் ஒரு மனுஷன் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட முடியாதா? கூப்பிட்டவர்கள்மேலும் கோபம், போனவர்மேல் அதைவிடக் கோபம். கவுண்டரை விட்டு எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவரலாம் என்று நினைத்தேன். ஆனால் உலகம்மை என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல இலேசாகத் தலையை ஆட்டினாள்.

அவள் சாப்பிடாமல் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, புருஷன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை அதுவரை பார்த்ததே இல்லையாம். எத்தனை தட்டுகளை ஒரு கையில் தூக்குகிறார், குனியும்போது எப்படி மற்றக் கையை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறார், யாரும் பார்க்காதபோது எப்படித் தூணில் தோளைச் சாய்த்து ஒரு காலை மட்டும் தூக்கி நிற்கிறார், எல்லாவற்றையும் பார்த்தாள். குழம்பில் தேங்காய்ப்பால் ஆடை கட்டிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தனியாக உட்கார்ந்திருந்த அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

மகாராஜா தண்ணீர் ஜக்கோடு மேசை மேசையாக வந்தார். அது அவர் வழக்கம். ஒவ்வொரு மேசையிலும் கண்ணைத் தாழ்த்தி, கிளாஸை நிரப்பி, வேறு ஏதாவது வேண்டுமா என்று மலையாளத்தில் ஒரே கேள்வி. கண் பாதி மூடியிருந்தது. அப்படியே ஜன்னலோரம் வந்து, கிளாஸில் தண்ணீரை ஊற்றி, இலேசாகக் குனிந்து கேட்டார்.

"வேறெந்தெங்கிலும் வேணோ, மேடம்?"

உலகம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டி, பிளாட் வீடுகளில் கற்றுக்கொண்ட அரைகுறை மலையாளத்திலேயே பதில் சொன்னாள்.

"வேணும். இவிட ஒராளு இரிக்கணும்."

ஜக் சாய்ந்தபடியே நின்றது. கிளாஸ் நிரம்பி மேசைவிரிப்பில் வழிந்தது. அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு நான் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தேன், கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல்.

மறுபடி தலை தூக்கியபோது அவர் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை முழு நாற்காலியிலும். முதுகு சாய்ந்திருந்தது. அவர் தட்டு எப்போதோ உள்ளே போய்விட்டதால் முன்னால் ஒன்றுமில்லை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். உலகம்மை ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூடுபண்ணித் தரட்டுமா என்று சப்ளையர் பையன் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். யோசுவா சார் மறுபடியும் கூப்பிட்டார். மகாராஜாவின் தோள் தூக்கிப்போட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. நானே போய், "என்ன சார் வேணும்?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டுத்தான் அவர் பேப்பரை மடக்கினார்.

அவள் ஆசைப்பட்டதுபோல அவர் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை. கை கழுவிவிட்டு வெளியே போகும்போது என்னிடம் வந்து, "கொழம்பு நல்லா இருந்துச்சும்மா, உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொன்னாள். பிச்சிப்பூ வாடியிருந்தது. இருவரும் ஆட்டோ பிடிக்காமல் கிள்ளிப்பாலத்தில் இருந்த வீடு வரை நடந்தே போனார்களாம்.

மறுநாள் மகாராஜா வழக்கம்போலக் கறுப்புப் பேண்டும் ஓட்டல் சட்டையுமாக வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பில் கட்டுகளை அடுக்கினேன். கொஞ்ச நேரம் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"பிள்ளே" என்றார்.

"என்ன?"

"அவ ஒரு வாய் வச்சா, நல்லா மென்னு முடிக்கிற வரைக்கும் அடுத்த வாய் எடுக்க மாட்டேங்கா. கண்ண மூடிக்கிடுதா. எனக்கு இது தெரியவே தெரியாது, பாத்துக்க."

அதற்குள் வாசல் கதவு திறந்து நாலு பேர் உள்ளே வந்தார்கள். அவர் மெனு கார்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார்.