வரப்போரத்து மூன்று கொழுக்கள்

ராசிங்காபுரத்துக் குருவம்மாளின் காட்டில் எட்டடி அகலம் அவள் கொழுந்தனுக்குப் போய்விட்டது. அதற்குக் காரணம் யோசேப்பு அண்ணன்தான் என்று போடி கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும் என்பதால் அவரைப் பற்றி நானே எழுதுகிறேன்.

யோசேப்பு அண்ணனுக்கு வயது முப்பத்தாறு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறார். யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்தார். இம்பால் பக்கத்தில், மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பதுதான் அவருடைய வேலை. அதனால் இன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்திலேயே தானும் கால் வைப்பார். கடைத்தெருவில் பையன்கள் அவருக்குப் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, தான் பழகிய கருவியில் ஒன்றை எடுத்து வந்தார். நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் முறம் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, காதுக்கு இரண்டு மூடி. தட்டுக்குக் கீழே மண்ணில் இரும்போ செம்போ இருந்தால் காதில் விசில் மாதிரி சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காடு காடாகப் போவார். மழைக்குப் பின் உழுத நிலத்தில் பழைய செப்புக் காசு, மணி, வளைய உடைசல் எல்லாம் கிடைக்கும். புளி போட்டுத் துலக்கி ஒரு பாட்டிலில் போட்டு வைப்பார். யாருக்கும் விற்றதில்லை. காட்டுக்காரர் கேட்டால் அங்கேயே கொடுத்துவிடுவார்.

நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு யோசேப்பு அண்ணன் கடையில் கிடந்தேன். ஏதாவது ஒரு ராஜா காலத்துக் காசைக் கண்டுபிடித்தால் என் பெயர் பேப்பரில் வரும் என்று நினைத்தேன். குருவம்மாளின் காட்டுக்கு நத்தக்காடு என்று பெயர். எப்போதோ அங்கே ஊர் இருந்திருக்கிறது. கலப்பை போகிற இடமெல்லாம் தடித்த பானை ஓடு வரும். "அண்ணே, அங்க போவோம்" என்று அவரைத் தொந்தரவு செய்தவன் நான்தான்.

போன வைகாசியில் போனோம். குருவம்மாள் விதவை. ஒரே பெண்ணையும் கட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசேப்பு அண்ணன் கிணற்றடியில் பெட்டியைத் திறந்து பாட்டரி மாட்டிக்கொண்டிருந்தபோது, அனுமதி கேட்க நான் மட்டும் அவளிடம் போனேன்.

"காசா? எங்காட்டுல காசு இருந்தா நான் ஏன் கூழு குடிக்கிறேன்?" என்று சிரித்தாள். "போங்க, தேடுங்க. வரப்போரத்துல மட்டும் கை வைக்காதீங்க அப்பு. மறந்துராத."

"சரி ஆத்தா" என்றேன். வரப்பு உடைந்துவிடும் என்று சொல்கிறாள் என நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. யோசேப்பு அண்ணனிடம் சொல்லவும் இல்லை.

அவர் வேலை செய்கிற விதமே தனி. நூல் கட்டி, கோடு கோடாக நடப்பார். சத்தம் கேட்ட இடத்தில் ஒரு குச்சி நடுவார். ஆணியோ லாடமோ எது இருந்தாலும் தோண்டி வெளியே எடுத்துவிடுவார். "தரையில இரும்ப விட்டு வைக்கக்கூடாது மாப்ளே. பின்னால வர்றவன் மிதிப்பான்" என்பார். வெடியே இல்லாத காட்டில் எதை மிதிக்கப்போகிறான் என்று நான் கேலி செய்ததுண்டு.

மத்தியானம்வரை ஒரு ஓட்டைச் செப்புக் காசுதான் கிடைத்தது. கிழக்கு வரப்புக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். காது மூடியைக் கழற்றி என் காதில் வைத்தார். அவ்வளவு பெரிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"வரப்பா இருக்கே. அந்தம்மா ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலண்ணே" என்றேன்.

நான்தான் தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில் மண்சட்டி, அது நிறையக் கரி. கரிக்கு மேல் மூன்று கொழுக்கள், அதாவது கலப்பை நுனியில் பூட்டுகிற இரும்பு. உழுகிற வீட்டில் பிறந்தவனாக இருந்தால் பார்த்ததும் தொடாமல் கையை எடுத்திருப்பான். நான் ஏலக்காய்க் கடைக்காரர் மகன், யோசேப்பு அண்ணனோ கடைத்தெருவிலேயே வளர்ந்தவர். பழைய காலத்து அடுப்பு என்று நான் துள்ளினேன். சட்டியை எடுக்கும்போது உடைந்தது. ஓடுகளையும் கரியையும் சாக்கில் அள்ளினேன். யோசேப்பு அண்ணன் குழியை மூடி, மிதித்து, மேலே புல்லையும் பதித்துவிட்டார். பட்டாளத்தில் அப்படித்தான் பழகியிருந்தாராம். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மாட்டைத் தண்ணீருக்கு விட்டுக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார். அவர்தான் குருவம்மாளின் கொழுந்தன் பெரியகருப்பன் என்று பிறகு தெரிந்தது.

சட்டி ஓடு புதுசு, நம் காலத்து வனைச்சல் என்று யோசேப்பு அண்ணன் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். ஓட்டையும் கரியையும் குப்பையில் கொட்டிவிட்டு, கொழுக்களைக் கொல்லுப்பட்டறை வீரையாவிடம் கொடுத்தோம். அவர் அவற்றைக் காய்ச்சிக் களைக்கொத்தாக அடித்துவிட்டார்.

ஆடியில் குருவம்மாள் ஏலக்காய் பறிக்க மலைக்குப் போனாள். இருபது நாள் கழித்து இறங்கி வந்தபோது எல்லைக்கல் எட்டடி அவள் பக்கம் தள்ளி நின்றது. இரண்டு பேருக்கும் பொதுவான கிணற்றிலிருந்து அவள் காட்டுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அந்த எட்டடிக்குள் இருந்தது. அது போனால், ஒவ்வொரு முறைத் தண்ணீருக்கும் அவள் கொழுந்தனிடம் கேட்டு நிற்க வேண்டும்.

அவள் பயப்படவில்லை. அவள் புருஷனும் பெரியகருப்பனும் பாகம் பிரித்தபோது பத்திரம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, உழவர் வீட்டு வழக்கப்படி வரப்பில் சாட்சி புதைத்திருந்தார்கள். மக்காத கரி ஒரு சட்டி, அப்பன் கலப்பை, அண்ணன் கலப்பை, தம்பி கலப்பை மூன்றிலிருந்தும் கழற்றிய கொழு. கல்லை நகர்த்தினாலும் சாட்சி நகராது. வரப்பைத் தோண்டிப் பாருங்கள் என்று ஊர்ப் பெரியவர் வீரணனிடம் கேட்டாள்.

"எதுக்குத் தோண்டணும்? போடியில யோசேப்பு மிஷினு வச்சிருக்கான்ல, கொண்டாரச் சொல்லுங்க. இருந்தா கூவட்டும்" என்றார் பெரியகருப்பன். அவர் எங்களைப் பார்த்திருந்தார். அந்தத் தைரியத்தில்தான் கல்லையே நகர்த்தியிருந்தார்.

ஆள் வந்து கூப்பிட்டதும் நாங்கள் போனோம். என்ன வழக்கு என்றே எங்களுக்குத் தெரியாது. காட்டில் முப்பது பேர் நின்றார்கள். குருவம்மாள் நேராகப் போய் வரப்பில் ஒரு இடத்தைக் காலால் காட்டினாள். "இங்கதான். மூணு கொழு, ஒரு சட்டிக் கரி."

நான் தோண்டிய அதே இடம். யோசேப்பு அண்ணன் தட்டை அந்த இடத்தில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"சத்தம் இல்ல" என்றார். கூட்டம் முணுமுணுத்தது. குருவம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தொடர்ந்தார்: "இல்லாததுக்குக் காரணம் நான்தான். வைகாசியில இதே இடத்துல மூணு கொழு எடுத்தேன். சாட்சின்னு தெரியாது."

பெரியகருப்பன் சிரித்தார். "எத்தன செம்பு கூழு ஊத்துனா மதினி? நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கா."

"எடுத்த கொழு எங்க?" என்று கேட்டார் வீரணன்.

"கொத்தா அடிச்சாச்சு."

"நல்லாயிருக்கு. எடுத்தத வேற யாரும் பாத்தாங்களா? ஒங்கூட ஒரு பய திரிவானே."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யோசேப்பு அண்ணன் பார்க்கவில்லை. "அவன் அன்னைக்கு வரல. நான் மட்டும்தான்" என்றார். "எங்கிட்டக் கேக்க வந்ததே அவன்தான" என்று குருவம்மாள் சொன்னதை, வழக்குக்காரி பேச்சு சாட்சியாகாது என்று வீரணன் தள்ளிவிட்டார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். புதையல் தோண்டியதாகப் போலீஸ் வரும் என்று நினைத்தேன். டைப்ரைட்டிங் வகுப்பு விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். ஒரு பெண்ணின் தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது நான் நினைத்தது இதைத்தான். ஒற்றை ஆள் பேச்சை வைத்துக் கல்லை நகர்த்த முடியாது என்று வீரணன் சொன்னார். கூட்டம் கலைந்தது. குருவம்மாள் மட்டும் வரப்பிலேயே நின்றாள்.

திரும்பும் வழியில் சிலமலை ஊரைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினேன். "அண்ணே, வரப்போரத்துல கை வைக்காதீங்கன்னு அந்தாத்தா எங்கிட்டச் சொன்னாங்க. நான் ஒங்ககிட்டச் சொல்லல."

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பட்டாளத்துல இதுக்கு ஆளு செத்துப்போவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

மூன்று நாள் கழித்து நான் தனியாகக் குருவம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். களை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான்தான் மொதல்லயே ஒனக்குச் சொன்னேனே. போயி அங்க சொல்லு" என்றாள்.

வீரணன் வீட்டுக்குப் போனேன். அவர் பெரியகருப்பனையும் வரவழைத்தார். சொன்னேன். "அன்னைக்கு அங்கனதான நின்ன. அப்ப வாயில என்ன வச்சிருந்த?" என்று வீரணன் கேட்டார். பெரியகருப்பன், "மூணு நாள்ல பயலுக்குப் பாடம் நல்லா ஏறிருச்சு" என்றார். கடைசியில், வாய்க்காலில் வருகிற தண்ணீரை மறிக்கக் கூடாது, கல் இப்போது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று வீரணன் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே பேசியிருந்தால் கல்லும் நகர்ந்திருக்கும் என்று வாசலில் ஒருவர் என் காதுபடச் சொன்னார்.

குருவம்மாளுக்குத் தண்ணீர் வருகிறது. நிலம் வரவில்லை. யோசேப்பு அண்ணன் அந்தக் கருவியைப் பரணில் போட்டுவிட்டார். விளக்கு ரிப்பேர்தான் பார்க்கிறார். எனக்கும் கற்றுக் கொடுக்கிறார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாராவது கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்கிறார்.

சந்தை நாளில் குருவம்மாள் கூடையோடு எங்கள் தெரு வழியாகப் போவாள். எதிர்ச்சாரியில்தான் நடப்பாள். அவளைப் பார்த்ததும் யோசேப்பு அண்ணன் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அவள் முனை திரும்புகிறவரை அப்படியே நிற்பார். அவள் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நான் உள்ளே குனிந்து, ஏற்கெனவே காற்று அடித்த விளக்குக்கு மறுபடியும் காற்று அடித்துக்கொண்டிருப்பேன்.