அண்ணன் கொண்டுவந்த புளிப்பு ஆப்பிள்

அண்ணனின் காக்கிச் சட்டைப் பை புரட்டாசி மாதத்தில் புடைத்தே இருக்கும். உள்ளே இரண்டு பச்சை ஆப்பிள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் தோட்டக்காரராக இருந்தார் அவர். எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையோ நட்டுவிட்டுப் போன மரம் அது. பழம் பழுத்தாலும் பச்சைதான். கடித்தால் பல் கூசி, கண் தானாக மூடிக்கொள்ளும். அடுப்பில் வெந்தால்தான் வழிக்கு வரும்.

பூண்டுலோயாவிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ வந்த அண்ணிக்கு, மசக்கையில் மாங்காய்ப் பச்சடி மேல் ஆசை வந்தது. எங்கள் குளிரில் மாங்காய்க்கு எங்கே போவது? மரத்தடியில் விழுந்து கிடந்ததை அண்ணன் பொறுக்கி வந்தார். அண்ணி அதை மிளகாயும் சர்க்கரையும் போட்டுக் கிண்டினார். ஆப்பிளில் பச்சடியா என்று லயமே சிரித்தது. அண்ணன் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகும் வருஷந்தோறும் அப்படித்தான்.

போன மார்கழியில் அண்ணன் போய்விட்டார். பங்களா இப்போது சுற்றுலா விடுதி. இந்த ஆவணியில், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தை வெட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அண்ணனுக்கு முதல் புரட்டாசி அமாவாசைப் படையல் நெருங்கியிருந்தது. ஹட்டனிலிருந்து நான் சிவப்பு ஆப்பிள் வாங்கிப்போனேன். "இது புள்ளைங்க திங்கட்டும் தம்பி," என்று ஒதுக்கி வைத்துவிட்டு அண்ணி பங்களாவுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

புது மெனேஜர் நல்ல மனிதர், தமிழ்தான் அரைகுறை. அந்தக் காயைத் தானும் கடித்துப் பார்த்ததாகச் சொல்லி முகத்தைச் சுளித்தார்.

"பச்சையாக் கடிச்சா அப்படித்தாங்க ஐயா இருக்கும். அது சமைச்சுத் திங்கிற சாதி. எங்க வீட்டுக்காரருக்குப் படைக்க அதுதாங்க வேணும்," என்றார் அண்ணி.

மெனேஜர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "சரி அம்மா, வெட்டல்ல," என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

படையலன்று அண்ணனின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோற்றுக்குப் பக்கத்தில் பச்சடி வைத்தார் அண்ணி.

"அண்ணனுக்கு இதுன்னா உசுராச்சே," என்றேன்.

"நீங்க வேற தம்பி. ஒங்க அண்ணனுக்குப் புளிப்பே ஆகாது. வாழ வந்த எடத்துல நா தனியா ஒக்காந்து சாப்பிடக்கூடாதுன்னு இத்தனை வருஷமும் முழுங்குனாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

சொல்லிவிட்டு, இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.