பூமியைத் தொட்டுக் கும்பிட்ட தப்பு

காப்பிக்கொட்டை வறுக்கும் வாசம்...

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு காப்பிக்கடை மாடியில்தான் எங்கள் நடன வகுப்பு. பலகைத் தரை. குப்புறப் படுத்தால் இடுக்கு வழியாக அந்த வாசம் நேராக மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது காப்பி வறுத்தால் எனக்கு முட்டி வலிக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதுவரை கோயில் திருவிழாக்களில் சலங்கை கட்டி ஆடியவள் நான். மாடர்ன் டான்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த மிஸ் லிங்குக்கு என்னைவிட ஐந்து வயதுதான் கூட. முதல் நாளே, "ஜாத்து! ஜாத்து!" என்று மலாய் மொழியில் கத்தினார். விழு, விழு!

விழாமல் ஆடத்தானே இத்தனை வருடம் கற்றுக்கொண்டேன்!

ரப்பர் எஸ்டேட் வீட்டில் விழுந்து பழகினேன். தொம்... தொம்... பால்மரம் வெட்டிவிட்டு வந்து அசந்து படுத்திருந்த அம்மா பதறி ஓடிவந்தார்.

"ஏய், என்னாடி ஆச்சு? தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏத்தி விடவா?"

மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் திட்டும் திட்டுதான். ஆனால் அன்று அம்மா சிரிக்கவில்லை.

"சலங்கை இல்ல, பொட்டு இல்ல. அந்தக் கூட்டத்துல உனக்குன்னு யாரு இருக்கா? ஒரு தடவ வந்து பாக்குறேன். சரியில்லன்னா அதோட நிப்பாட்டிக்க லா."

அம்மா சொன்னால் சொன்னதுதான்.

நாங்கள் மேடையேறும் நாளும் வந்தது. எட்டுப் பேர், ஒரே மாதிரி கறுப்பு உடை. மற்ற ஏழு பேரும் சீனப் பெண்கள். நான்தான் முன்னால். விளக்கு வந்ததும் எல்லாரும் ஒன்றாக விழ வேண்டும். அதுதான் தொடக்கம்.

விளக்கு வந்தது. இரண்டாவது வரிசையில் அம்மா. பயத்தில் எல்லாம் மறந்துபோனது. குனிந்தேன். தரையைத் தொட்டேன். கண்ணில் ஒற்றிக் கும்பிட்டேன்!

ஐயோ... சின்ன வயதிலிருந்து, ஆடுவதற்கு முன் பூமியைக் கும்பிட்டே பழகிய கை. அதற்கு மாடர்ன் டான்ஸ் எல்லாம் தெரியுமா?

செத்தேன் என்று திரும்பிப் பார்த்தால், ஏழு பேரும் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்கள்! மிஸ் லிங் ஸ்டெப்பை மாற்றிவிட்டுத் தங்களிடம் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தார்களாம். அப்புறம்தான் எட்டுப் பேரும் விழுந்தோம்.

மேடைக்குப் பின்னால் மிஸ் லிங் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். இனி அப்படியே இருக்கட்டும் என்றார்.

அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும், "சரி... போய் ஆடு" என்றார்.

சீனப் பிள்ளைகளே பூமியைக் கும்பிட்டதில் அம்மா மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். அது தப்பு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அந்த ஒரு 'சரி'யில் பதினெட்டு வருடம் ஆடினேன். மனசு நிறைய ஆடினேன்.

இப்போது அந்த மாடியில் ஹோட்டல் ரூம்கள். என் மகள் அதே ஊரில், சிலிபின் பக்கம் ஏசி ஸ்டூடியோவில் மெத்தென்ற பாயில் விழுகிறாள். தொம் சத்தமே வருவதில்லை. போன வாரம் அவள் ஆடுவதைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இனியும் மறைப்பானேன் என்று சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் கும்பிட்டது தப்பும்மா. டான்ஸ்ல அது இல்லவே இல்ல."

"தெரியும். நீ திரும்பிப் பாத்து முழிச்ச முழி போதாதா?"

"அப்பறம் ஏன் சரின்னீங்க?"

அம்மா என் மகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ தப்பு பண்ண. ஏழு பேரும் உன்கூடவே பண்ணாங்க. உனக்கு ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருச்சு லா."