குழாயில் நான் சுற்றிய ஒயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அஸ்தினாபுரத்தில், மூன்று போர்ஷன் வீடொன்றில் குடியிருந்தோம். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். யார் வீட்டு ஃபேன் நின்றாலும் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பேன்.

நடு போர்ஷன் அக்கா ஒருநாள் ரகசியமாகக் கூப்பிட்டார். கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடித்தது. கிரைண்டர் கூடாது என்று சொல்லித்தான் ஹவுஸ் ஓனர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அக்காவோ மாவரைத்து விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினார். அந்த வீட்டில் எந்த பிளக் பாயின்ட்டிலும், கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி கிடையாது. கிரைண்டரிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, வெளியே மூன்று போர்ஷனுக்கும் பொதுவாக இருந்த தண்ணீர்க் குழாயின் அடியில் சுற்றிவிட்டேன். இரும்புக் குழாய், நேரே மண்ணுக்குள் போகிறது. ஷாக் நின்றது. எனக்கு ஒரே பெருமை.

சில மாதம் கழித்து ஹவுஸ் ஓனர் மண்ணுக்குள் இருந்த துருப்பிடித்த பைப்பை எடுத்துவிட்டு பிவிசி போட்டார். மேலே இரும்புக் குழாய் அப்படியே நின்றது. பள்ளம் தோண்டியதை நானும் வேடிக்கை பார்த்தேன். பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் மண்ணுக்குள் இறங்காது என்று படித்தவன்தான்; குழாயில் சுற்றிய ஒயர் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலை அக்கா கிரைண்டரைப் போட்டிருந்தார். கடைசி போர்ஷன் அண்ணன், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர், ஈரக் காலோடு வந்து குழாயைத் திறந்தார். கை ஒட்டிக்கொண்டது. அவர் அலறியதில் அக்கா பதறி சுவிட்சை அணைக்க, அண்ணன் அப்படியே சாய்ந்தார்.

ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

"அந்த ஒயரக் கழட்டிடு தம்பி. ஓனருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடுவாரு."

கழற்றினேன். எல்லோரும் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் காரணம் என்றார்கள். ஹவுஸ் ஓனர் மோட்டாரை மாற்றினார்.

அண்ணன் பிழைத்தார். ஆனால் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. லேத் வேலை போயிற்று. பார்க்கப் போனபோது என்னிடம் கேட்டார்:

"மோட்டார்ல எங்க லீக்குன்னு நீயாச்சும் பாத்து சொல்லு தம்பி. இந்த வூட்ல கரண்ட் வேல தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"பாக்குறேண்ணா" என்றேன்.

அடுத்த மாதமே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

இன்று வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடம்வரை போய்ப் பார்க்காமல் சுவிட்சைப் போடுவதில்லை. ஆனாலும் என்னை நம்பிக் கேட்ட மனிதரிடம் உண்மையைச் சொல்லக் கிடைத்த ஒரே சமயத்தை விட்டுவிட்டேன் என்பது, எத்தனை வீட்டைச் சரிபார்த்தாலும் மனதை விட்டுப் போவதில்லை.