ஏழாம் இதழின் கடைசிப் பக்கம்

ஒரு கதையைப் பிழையாக வாசித்துவிட்டார் என்று ஒருவரைப் பலர் முன்னிலையில் திருத்துகிறோம். திருத்தியது முழுக்கச் சரி. அப்படியிருந்தும் அது ஒரு குற்றமாக முடியக்கூடுமா? பத்து வயதில் நான் செய்த ஒரு திருத்தம், பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வியை என் முன் வைத்தது. அதைக் கிளப்பியவர்கள் நான் ஒருபோதும் நேரில் கண்டிராத சில பிரெஞ்சுக்காரர்கள். சிறுவயதில் வாசித்த ஒரு படக்கதையை, வாரத்துக்கு ஓர் இதழாக எடுத்து, வளர்ந்த பின்னும் விமர்சித்துக்கொண்டிருப்பவர்கள்.

எங்கள் வீடு தீவுப் பகுதியில், சரவணை என்ற ஊரில் இருக்கிறது. பாரிசிலிருந்த பெரியம்மா ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குப் பெட்டி அனுப்புவார். உள்ளே இருக்கும் வாசனைப் போத்தல்களும் கோப்பைகளும் உடையாமலிருக்க, தன் மகள் வாசித்துக் கழித்த படக்கதை இதழ்களைக் கிழித்துக் கசக்கி இடையிடையே திணித்திருப்பார். பெட்டி திறக்கும் நாளில் பெரியவர்கள் போத்தல்களை எடுத்துக்கொள்ள, நாங்கள் கசங்கல்களைப் பொறுக்கிக்கொள்வோம். ஒவ்வொரு தாளையும் ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, ஊசி நூலால் தைத்தால் ஓர் இதழ் தேறும். அப்படி ஏழு இதழ்கள் எங்களிடம் இருந்தன. ஏழாவதில் கடைசித் தாள் மட்டும் கிடைக்கவில்லை.

அது ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்த படக்கதை என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த விளையாட்டை நாங்கள் கண்டதுமில்லை. செம்புத் தொப்பி அணிந்த ஒரு பையன், அவன் தோளில் ஒரு நீல நண்டு, இருவரும் இறங்கிச் செல்லும் கோபுரங்கள், கிணறுகள், இரும்புப் பற்களுடைய பூதங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் எங்களை வாய்பிளக்க வைத்த உலகம் அது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மூன்று சிவப்பு இதயங்கள் இருக்கும். பையன் அடிபட்டால் ஒன்று மறையும். வெளிநாட்டில் ஆட்களுக்கு மூன்று உயிர் உண்டு என்று நாங்கள் முடிவுகட்டினோம். விடுமுறைக்கு அங்கிருந்து வருபவர்களின் கன்னங்களைப் பார்த்தால் அது நம்பத்தக்கதாகவே இருந்தது. எங்களுக்கிருந்த ஒரே மனக்குறை, அந்த நண்டுக்கு நான்கு கால்கள் மட்டுமே வரைந்திருந்தார்கள் என்பது. வலையில் சிக்கிய நண்டுகளைக் கழிக்கும் வீட்டுப் பிள்ளைகளால் அதை இலேசில் மன்னிக்க முடியவில்லை.

வாசிக்கும் பொறுப்பு சின்ன மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் படகில் இயந்திரம் பார்த்தார். நான் பிறந்த காலத்தில் அவர் பாரிசுக்கென்று வெளிக்கிட்டு, பதினான்கு மாதம் எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த 'எங்கெங்கோ'வுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆபிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஏதோ ஒரு நகரத்தில் பல மாதம் நின்றவர் என்பதால், அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு என்று நாங்கள் நம்பினோம். அவரும் மறுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பூவரச மரத்தின் கீழ் கதிரையைப் போட்டு அவர் அமர்வார். சுற்றி நாங்கள் எட்டுப் பேர். முதல் மூன்று இதழ்களும் படத்தோடு ஒட்டியே ஓடின. நான்காவதிலிருந்து கதை வேறு விதமாகத் திரும்பியது. பையனும் நண்டும் ஒரு வீட்டுக்குள் போகிறார்கள். உள்ளே இன்னும் பன்னிரண்டு பேர். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை ஒருவன் பாணும் மீன் பேணியும் கொண்டுவருவான். சத்தம் போடக்கூடாது, இருமல் வந்தால் தலையணையைக் கடிக்க வேண்டும். நண்டுதான் எல்லோரையும் சிரிக்க வைக்கும். சிகரெட் பெட்டியின் அட்டையை வெட்டிச் சீட்டாடக் கடுதாசிக் கூட்டம் செய்து, எல்லோரையும் விளையாட்டில் தோற்கடிக்கும்.

ஆறாம் இதழில் லொறி வந்தது. ஏழாவதில் மணல் வந்தது. தார்ப்பாய் மூடிய லொறியில் நண்டுக்குக் காய்ச்சல். லொறி நிற்காது. நின்றபோது, நண்டு இறக்கப்பட்டது. படத்தில் இருந்ததோ ஊதா நிறக் கிணறும் அதற்குள் விழும் நண்டும்தான்.

"மாமா, லொறி எங்க? படத்தில இல்லையே" என்று நான் கேட்டேன். எதையும் சரிபார்க்காமல் விடாத பிள்ளை நான்.

அவர் இரண்டு படங்களுக்கு நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டில் விரலை வைத்தார். "இஞ்ச. இந்த ரெண்டுக்கும் நடுவில நடந்தது. எல்லாத்தையும் கீற ஏலாது, பிள்ளை."

அந்த வெள்ளைக் கோட்டை நான் எவ்வளவு வியப்போடு பார்த்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. ஒரு விரல் அகலமில்லாத இடத்துக்குள் ஒரு பாலைவனம் இருந்தது. அன்று எட்டுப் பேரும் அழுதோம்.

அந்த ஓகஸ்ட் விடுமுறைக்குப் பெரியம்மாவின் மகள் வந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த இதழ்களின் உண்மையான சொந்தக்காரி. ஒருநாள் எங்கள் குசினியில் தேநீருக்குச் சீனிப் பேணியை எடுத்தவள், அலுமாரித் தட்டில் விரித்திருந்த தாளைப் பார்த்துக் கூவினாள். அம்மா தட்டுக்கு விரித்திருந்தது ஏழாம் இதழின் கடைசித் தாள். மேலே தெரிந்த பக்கத்தில் வெறும் விளம்பரம் போலக் கோடுகளும் கட்டங்களும் இருந்ததால் நாங்கள் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. புரட்டினால், கிணற்றுக் கட்டின் மேல் நீல நண்டு உட்கார்ந்திருந்தது.

தாளைப் பறித்துக்கொண்டு ஓடினேன். மாமா பூவரசின் கீழ் இருந்தார். அன்றும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கூடிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாமா பிழையா வாசிச்சவர்! நண்டு சாகேல்லை!"

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். "ஐயோ மாமா, சும்மா அழ வச்சிட்டியள்" என்றான் ஒருவன். "மாமாவுக்கு பிரெஞ்சே தெரியாது" என்று இன்னொருத்தி கைதட்டினாள். மாமா எங்களைப் பார்க்கவில்லை. தாளை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"இதில என்ன எழுதியிருக்கு?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா தன் பாரிஸ் தமிழில் வாசித்தாள். "நண்டு சொல்லுது, 'நான் இங்கதான் இருந்தது. நீதான் வேற வழியால போனது' எண்டு."

"திருப்பி வாசி."

வாசித்தாள். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "எப்பிடி மேல வந்ததெண்டு போட்டிருக்கோ?" என்றார்.

"இல்லை மாமா. அது போடேல்லை."

"தண்ணி குடிச்சுதாமோ?"

அக்கா சிரித்துவிட்டாள். "மாமா, அது நண்டு! கிணத்துக்குள்ள விழுந்த நண்டு!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. தாளைப் புரட்டி, மறுபக்கத்தில் என்ன என்று கேட்டார். அது ஒரு போட்டி என்று அக்கா விளக்கினாள். கட்டத்தில் படத்தை ஒட்டி, பெயர், வயது, ஊர் எழுதி அனுப்பினால், வெல்பவரை அடுத்த கதையில் ஒரு பாத்திரமாக வரைவார்களாம்.

"இனி அனுப்பேலுமோ?"

"அது எப்பவோ முடிஞ்சுது, மாமா."

"ஓம், என்ன" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இனிமேல் அக்காவே வாசிக்கட்டும். அவவுக்குத்தானே வடிவாத் தெரியும்." எழுந்து படலையைத் திறந்துகொண்டு போனார். அதன் பின் அவர் எங்களுக்குக் கதை வாசிக்கவில்லை. பிடிபட்ட வெட்கம் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகவும், நிறையப் பெருமையாகவும் இருந்தது.

பட்டம் பெற்ற பின், தீவுப் பகுதியிலிருந்து வெளிநாடு போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஒரு கள ஆய்வில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், எந்த வழியால் போனார்கள், எங்கே தடைப்பட்டார்கள் என்று படிவம் நிரப்பினேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் படிவம் கொண்டுபோகவில்லை. அப்படி ஒன்று தேவை என்றே தோன்றவில்லை.

சென்ற ஆண்டு பாரிஸ் அக்கா என்னை, முதலில் சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் விமர்சனக் குழுவில் சேர்த்துவிட்டாள். கைப்பேசி செய்யும் அரைகுறை மொழிபெயர்ப்பில் வாசித்து மலைத்துப்போனேன். அதில் ஒரு தாதி இருக்கிறார். ஒரு பஸ் சாரதி இருக்கிறார். பேரப்பிள்ளை கண்டவர்களும் இருக்கிறார்கள். ஒரு படத்தில் வானம் ஏன் பச்சையாக இருக்கிறது என்பதற்கு நான்கு பக்கம் எழுதுவார்கள். எழுதியதை மறுநாள் இன்னொருவர் மரியாதையோடு மறுப்பார். நான்காம் இதழின் விமர்சனத்தை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. அதில் மாமா வாசித்த பூட்டிய வீடு இல்லை. பாண் கொண்டுவருபவன் இல்லை. ஆறாவதில் லொறி இல்லை. என் படிவங்களில் இருந்தன. பூட்டிய வீடும் தார்ப்பாயும் அந்த மணலும், வேறு வேறு ஆட்களின் வாயால், என் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தன.

மாமாவின் அந்தப் பயணத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேராப் போனவை. அவன் தனிய வந்தவன்" என்றார். கூடப் போனவர் மண்டைதீவைச் சேர்ந்த சிநேகிதர். வழியில் பிரிந்துவிட்டோம் என்று மட்டும் மாமா அவர் வீட்டாருக்குச் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் குழுவில் ஏழாம் இதழ் வந்தது. முடிவு நம்பும்படி இல்லை, நண்டு மீண்டது எப்படி என்று விளக்காதது சோம்பேறித்தனம் என்று பத்துக்கு மூன்று புள்ளி போட்டார்கள். கூடவே ஒரு வேண்டுகோள். போட்டிக்காக அன்றைய பிள்ளைகள் எல்லோரும் கடைசித் தாளை வெட்டிவிட்டதால், முழுத்தாள் யாரிடமும் இல்லை. எவரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேட்பதா, விடுவதா என்று பல நாள் யோசித்தேன். ஒருவர் பொத்தி வைத்திருப்பதைத் திறக்க எனக்கு என்ன உரிமை? கேட்காமல் விட்டால், பத்து வயதில் நான் சொன்ன 'பிழை' என்ற சொல்லே அந்தக் கதைக்குக் கடைசிச் சொல்லாகிவிடும். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் குறிகட்டுவானுக்குப் போனேன்.

படகு இறங்குதுறையில் நின்றது. நான் சொன்னதையெல்லாம் மாமா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்.

"பெரிய ஆக்களோ அதை வாசிக்கினம்? என்ன சொல்லினம்?"

"முடிவை நம்ப ஏலாதாம், மாமா."

"ஓம். நம்ப ஏலாதுதான்" என்று சிரித்தார். சுக்கான் அறைக்குள் போய், மாதா படத்தின் பின்னாலிருந்து அதை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிய தாள். கிணற்றுக் கட்டில் நண்டு அப்படியே இருந்தது. புரட்டினேன். சீனிப் பேணியின் துரு வட்டத்துக்குப் பக்கத்தில், படம் ஒட்டும் கட்டத்துக்குள், கடவுச்சீட்டு அளவில் ஓர் இளைஞரின் படம். கீழே மாமாவின் கையெழுத்தில் பெயர், வயது இருபத்திரண்டு, ஊர் மண்டைதீவு.

ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிறேன் என்று ஒருவாறு சொன்னேன். மாமா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கத்தையும் அனுப்பு. ஆனா முதல்ல அவன்ர தமக்கையிட்டைக் காட்டோணும். நீயும் வா. தனியப் போக ஏலாது."

மறுநாள் போனோம். அந்த அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டிருக்க, மாமா இரண்டு படங்களுக்கு நடுவிலிருந்த அந்த வெள்ளை இடத்தை முழுவதுமாகச் சொன்னார். காய்ச்சல்காரனை ஏற்ற மாட்டேன் என்று சாரதி அடம்பிடித்தது, ஒரு கற்குவியலின் நிழலில் இறக்கியது, மற்றவர்கள் மாமாவை இழுத்து ஏற்றியது. அந்த அக்கா குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி இருந்ததோ, தம்பி?"

"என்ர தண்ணிக் கானையும் அவன்ர பக்கத்தில வச்சிட்டுத்தான் ஏறினனான், அக்கா. குடிச்சவனோ எண்டு எனக்குத் தெரியாது."

அவர் எழுந்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது இரண்டு கோப்பையில் தேநீர் இருந்தது. "அனுப்புங்கோ" என்றார்.

இரண்டு பக்கங்களும் குழுவுக்குப் போயின. அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதையும் சுருக்கமாக எழுதினேன். விமர்சகர்கள் தம் கொள்கையில் உறுதியானவர்கள். மூன்று புள்ளியை மாற்றவில்லை. ஆனால் அந்தத் தாதி, எட்டு நாள் கழித்து, தன் கையால் வரைந்த ஒரு பக்கத்தை அனுப்பினார். கிணற்றுக் கட்டில் செம்புத் தொப்பிப் பையன், நண்டு, அவர்களுக்கு நடுவே கையில் கடுதாசிக் கூட்டத்தோடு அந்த மண்டைதீவு இளைஞர். மூலையில் மூன்று இதயங்கள். நான் முன்பு ஒருமுறை குழுவில் குறைப்பட்டதை மறக்காமல், நண்டுக்கு எட்டுக் கால்களும் இரண்டு கொடுக்குகளும் போட்டிருந்தார்.

ஒரு வளர்ந்த மனிதர் படக்கதையின் ஒரு வரியை ஏன் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்பது, அன்று பூவரசின் கீழ் நின்று சிரித்த எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த மாமாவிடம் தாதி வரைந்த படத்தைக் காட்டியபோது, அவர் அந்த இளைஞரின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அதுவரை அந்தப் பெயரை நான் அவர் வாயால் கேட்டதில்லை. இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்படுகிறது.