கறுத்த ஆடுகளும் காலாவின் விரிப்பும்

ஊறிய கடுக்காய்க்கு ஒரு வாசம் உண்டு. மூக்கில் ஏறுவதற்கு முன்பே நாக்கைச் சுருக்கிவிடும். ஆம்பூரில் நான் வளர்ந்த வெள்ளைக்காரன் காலத்துத் தெருவில் அந்த வாசமும் ஆவாரம்பட்டை வாசமும்தான் காற்று. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் "ஷாப்பு" என்போம். அப்பா ஷாப்பில் கடுக்காய்த் தண்ணீரில் தோல் ஊறும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டார், அம்மா அதே ஷாப்பின் கொட்டகையில் பட்டை இடித்தாள், மூத்தவளான நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தேன், தம்பி சாமுவேலும் தங்கை லில்லியும் யார் சொல்லையும் கேட்காமல் தெருவில் ஓடினார்கள்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்பு, சாமுவேல் ஷாப்புக்குள் நுழைந்து சுண்ணாம்புக் குழியின் விளிம்பு வரை போய்விட்டான். யாரோ ஒருவர் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். அன்று சாயங்காலம் அப்பா கஞ்சியைத் தொடாமல் என்னைக் கூப்பிட்டார். "லீவு முடிஞ்சதும் இஸ்கூலுக்குப் போவாத. இதுங்கள நீதான் பாத்துக்கணும். வேற ஆளு இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அழுதிருப்பேன். இல்லாததால் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

வேறு ஆள் இருந்தது. அடுத்த வீட்டு ஹலீமாவை நாங்கள் காலா என்போம், அவர்கள் பேச்சில் சின்னம்மா. அவள் வெளியே போகாதவள், வாசல் திரைக்கு உள்ளே பகலெல்லாம் பீடி சுற்றுவாள். அவளிடம் போய் நின்றேன். மடியில் இருந்த முறத்தைக் காட்டி அவள் சொன்னாள்: "இதுங்க ஒரு இடத்துல குந்துனா வுட்டுட்டுப் போ. ஓடுனா இலையெல்லாம் மிதிச்சு நாசமாயிடும், எனக்குப் பேஜாரு. குந்துமா, சொல்லு."

குந்தும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த இரண்டையும் குந்த வைப்பது எப்படி என்று யோசித்தேன்.

விடுமுறை தொடங்கியதும் பனையோலையில் காற்றாடி செய்து கொடுத்தேன். காற்றாடி என்றால் ஓடத்தானே தோன்றும், சாமுவேல் தெருக்கோடி வரை ஓடினான். அரச இலையில் பீப்பி சுருட்டிக் கொடுத்தேன், ஊதிக்கொண்டே ஓடினான். ஓடவைக்கும் பொருளாகவே செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு மாட்டுக்கொட்டில் கட்டலாம் என்றேன், பாலன் பிறந்த கொட்டில். ஆற்று மணலில் தரை, ஆவாரங்குச்சியில் சுவர், காலா வெட்டித் தள்ளிய பீடி இலைத் துண்டுகளில் கூரை. லில்லி ஒரு துண்டு வைப்பாள், சாமுவேல் அது கோணல் என்று எடுப்பான், திரும்ப வைப்பாள். சண்டை போட்டார்கள், ஆனால் உட்கார்ந்து போட்டார்கள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

கொட்டிலுக்கு ஆடுகள் வேண்டும். ஷாப்புக்கு வரும் வண்டிகளிலிருந்து சிந்திய கடுக்காய்கள் வழியெல்லாம் கிடக்கும். வரி வரியாய்ச் சுருங்கிய அதன் தோல் ஆட்டு உடம்பு போலவே இருக்கும். ஆட்டுக் காலுக்கென்று, மாட்டுக்கு லாடம் அடிக்கும் இடத்தில் வீசியெறிந்த தேய்ந்த ஆணிகளைப் பொறுக்கினோம். காய்ந்த காயில் ஆணி இறங்கவில்லை. ஆகவே சட்டியில் ஊறப்போட்டு, இளகியதும் காய்க்கு நாலு ஆணியாய்க் குத்தி, காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று ராத்திரி முழுக்க அதே தண்ணீரில் போட்டு வைத்தேன்.

தொட்டிப் பக்கம் இரும்பு வரக் கூடாது என்பது ஷாப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்பா தொட்டிக்குப் போகுமுன் இடுப்புச் சாவியைக்கூட அவிழ்த்து வைப்பார். "இரும்பு பட்டா தோலு கறுத்துடும்" என்பார். நான் அதைத் தோலுக்கு உள்ள சட்டம் என்று நினைத்திருந்தேன். காய்க்கும் அதே சட்டம் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை.

மறுநாள்தான், இதுகள் குந்துமா என்று பார்க்கக் காலா தன் வீட்டில் வைத்த சோதனை. மார்கழித் தரை ஜில்லென்று இருக்குமே என்று, பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளை விரிப்பை அவளாகவே விரித்துக் கொடுத்து, "நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். கையோடு கொண்டு போயிருந்த சட்டியைத் திறந்தேன். ஆடுகளும் தண்ணீரும் மைக்கறுப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் லில்லி கை விட்டு எடுத்து விரிப்பில் நடக்கவிட்டாள். ஓர் ஆட்டுக்கு நாலு கறுப்புப் புள்ளியாக, மந்தையே விரிப்பைக் கடந்து போனது.

பாவாடை நுனியை நனைத்துத் தேய்த்தேன், கறை அகலமானது. அழவேண்டிய இடம் அதுதான். ஆனால் பள்ளிக்கூடம் கண்முன் நின்றது, சாமுவேலும் எழுந்திருக்கப் பார்த்தான். "குந்துடா, இன்னும் வேலை முடியல" என்றேன். வாசல் வேலியிலிருந்து ஆவாரம் இலை, வேப்பிலை, பூவரச இலை பறித்து வந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே தோய்த்து, கறைக்குப் பக்கத்தில் ஓர் இலையை அழுத்தி எடுத்தேன். விரிப்பில் இலையின் அச்சு நரம்போடு அப்படியே விழுந்தது. சாமுவேல் எழ மறந்து அதைப் பார்த்தான். பிறகு இருவர் கையிலிருந்தும் இலையைப் பிடுங்க முடியவில்லை. கெட்டது முழுசாகவே கெடட்டும் என்று நானும் அழுத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

காலா தொழுதுவிட்டு வந்து நின்றாள். குனிந்து ஓர் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது போவாது. ஷாப்புக்காரன் பொண்ணு, உனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பிள்ளைகளைக் காட்டி, "எந்திரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல காலா."

"ஒண்ணுக்குப் போவகூடவா?"

லில்லி உட்கார்ந்த இடத்திலேயே போயிருந்தாள். காலா அதையும் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்ல விரிப்புன்னா எனக்கு பயம் ஜாஸ்தி. இனிமே இது கெட்டுப்போக இன்னா இருக்குது? தினம் இதையே விரிச்சுக் குந்த வெக்கிறேன். நீ இஸ்கூலுக்குப் போ" என்றாள்.

கறுத்த ஆடுகளையே கொட்டிலில் நிறுத்தினோம். பார்க்க வந்தவர்கள் பாலனுக்குக் காக்கைக் கூட்டமா என்று கேலி செய்தார்கள். ஆடுதான் என்று ஒவ்வொருவரிடமும் சண்டை பிடித்தேன். காலா அப்பாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்; விடுமுறை முடிந்த காலையில் அவர் என் சிலேட்டைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

நான் பெரிய வகுப்புகளுக்குப் போய், ஆசிரியர் பயிற்சியும் முடித்து வந்தேன். இன்று அந்தச் சுண்ணாம்புக் குழிகளின் மேல் வீடுகள் நிற்கின்றன. தோல் பதனிட ரசாயன மருந்து பீப்பாயில் வந்த பிறகு வண்டிகளில் கடுக்காய் சிந்துவதில்லை. என் மாணவர்கள் அதைக் கையில் கொடுத்தால் முகர்ந்து முகம் சுளிக்கிறார்கள். காலா இறந்த வீட்டுக்குப் போனபோது அவள் மகள் அந்த விரிப்பை எடுத்துக் காட்டினாள். கறுப்பு இலைகள் அப்படியே இருந்தன. நடுவில் இரண்டு இடங்கள் மட்டும் இழை தெரியத் தேய்ந்திருந்தன, நான் படிக்கப் போயிருந்த நேரமெல்லாம் சாமுவேலும் லில்லியும் உட்கார்ந்திருந்த இடங்கள்.